உக்கும் மரமும் உக்காத ஓடும்

சுங்கை பூலோ என்னும் மலாய்ப் பெயருக்கு மூங்கிலாறு என்பது பொருள். ஊருக்குப் பெயர் தந்த அவ்வாறு மேற்கே சென்று, குவாலா சிலாங்கூர் மாவட்டத்தில், ஜெராமுக்கு அருகே மலாக்கா நீரிணையிற் கலக்கிறது. கழிமுகத்தில் மீனவர் கம்பம் உண்டு, படகுகளும் உண்டு. ஆனால் சுங்கை பூலோ நகரமோ உள்நாட்டிலே, கோலாலம்பூருக்கு வடமேற்கே அமைந்தது. படகைப் பற்றிய ஓர் ஆராய்ச்சியை இவ்வூரிலிருந்து தொடங்குவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். எனினும், மரம் எவ்வாறு அழிகிறது, எவ்வாறு நிலைக்கிறது என்னும் வினாவை எழுப்புவதற்கு மலேசியாவில் இதைவிடப் பொருத்தமான இடம் காண்பது அரிது.

காரணம் இரண்டு. ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925ஆம் ஆண்டில் தோன்றியபின், அதன் பெருஞ் சோதனைத் தோட்டம் சுங்கை பூலோவில் அமைந்தது. தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகக் கண் விழித்து வெட்டிய பால்மரத்தின் தாயகமே அத்தோட்டம் எனலாம். (அந்நிலத்தின் பெரும்பகுதி இன்று குவாசா டாமான்சாரா என்னும் புதுநகரமாகி வருகிறது.) பால்மரம் பாலுக்குப் பெயர்பெற்றதேயன்றி, உறுதிக்குப் பெயர்பெற்றதன்று. வெட்டிச் சாய்த்து அறுத்த பலகையை ஓரிரு நாளுக்குள் மருந்தில் ஊற வைக்காவிடில், நீலக்கறை படிந்து, வண்டு துளைத்து, விறகுக்கே உரியதாகிவிடும். அதனால்தான் நெடுங்காலம் அம்மரம் அடுப்புக்கும் சூளைக்கும் போயிற்று. போரான் உப்பில் பதப்படுத்தும் முறை பரவிய பின்னரே அது நாற்காலியாகவும் மேசையாகவும் அயல்நாடுகளுக்குக் கப்பலேறியது.

சுங்கை பூலோவுக்கு அண்டையிலுள்ள கெப்போங்கிலே மற்றொரு நிலையம் இருக்கிறது. ஈயம் தோண்டி வெறுமையாய்க் கிடந்த நிலத்தில் மரம் நட்டு, 1929ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற வன ஆராய்ச்சி நிலையம் அது. மலையக மரங்களின் ஆயுளை அளக்க அங்கே கையாண்ட முறையை 'இடுகாட்டுச் சோதனை' என்பர். பெயர் அச்சமூட்டினாலும் செயல் எளியது. ஓர் அடிக்கு மேல் நீளமுள்ள சிறு சிறு மரக்கட்டைகளைக் கல்லறைக் கற்கள்போல் வரிசையாக மண்ணில் பாதி புதைத்து, மழையிலும் வெயிலிலும் விட்டுவிடுவர். குறித்த காலத்துக்கொருமுறை பிடுங்கிப் பார்த்து, பூசணமும் கறையானும் எவ்வளவு தின்றன என்று குறித்துக்கொள்வர். 2 ஆண்டுக்குள் அழிவது உறுதியற்ற மரம். 10 ஆண்டைக் கடந்து நிற்பது மிக உறுதியான மரம். பால்மரம் முதல் வகுப்பைச் சேர்ந்தது. செங்கால் எனப்படும் மலையகப் பெருமரம் கடைசி வகுப்பில் தலைமை பெற்றது. தோட்டத்துத் தமிழன் நாள்தோறும் தொட்ட மரமும், கிழக்குக் கரை மலாய்த் தச்சன் படகுக்குத் தேடிய மரமும் சில கல் தொலைவிலுள்ள இரு நிலையங்களில் ஆராயப்பெற்றன.

இனி அழிவின் வகையை நோக்குவோம். ஆங்கிலம் பயின்றோர் எல்லாவற்றையும் ஒரே சொல்லால் சுட்டிவிடுகின்றனர். தமிழில் அவ்வாறன்று. வண்டும் புழுவும் அரித்து மாவாய்க் கொட்டுவது உளுத்தல். ஈரத்தால் பூசணம் பற்றி, நிறம் மாறி, நகத்தால் கீறினாலே பெயர்ந்து வருவது உக்கல். மக்கல் என்பதும் அதுவே. நார் தளர்ந்து, பாரம் தாங்காமல் முறிவது இற்றுப்போதல். யாழ்ப்பாணத்தாரும் மலேசியத் தமிழரில் பலரும் உக்கல் என்னும் சொல்லை இன்றும் வழங்குகின்றனர். உளுத்த மரத்துக்குச் செய்யும் மருத்துவம் உக்கிய மரத்துக்கு உதவாது. ஆகையால் இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சிக்கு மட்டும் உரியதன்று. படகின் கதையோ பெரும்பாலும் உக்கலின் கதை.

உக்கலைச் செய்யும் பூசணத்துக்கு நான்கு தேவைகள் உண்டு: உணவாக மரம், மிதமான வெப்பம், ஈரம், காற்று. மரத்தின் எடையில் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழ் நின்றால் அது வளர்வதில்லை. 30 விழுக்காட்டை நெருங்கினால் செழிக்கிறது. ஆனால் மரம் முற்றிலும் நீரில் மூழ்கிக் காற்றே புகாதிருந்தாலும் அது வளர இயலாது. எனவே, நன்கு உலர்ந்த மரமும் நெடிது வாழும். நன்கு மூழ்கிய மரமும் நெடிது வாழும். நனைந்து உலர்ந்து, மீண்டும் நனையும் மரமே விரைவில் மடியும்.

இதற்குச் சிலாங்கூர் மண்ணே சான்று தருகிறது. குவாலா லங்காட் மாவட்டத்தில், பந்திங்குக்கு அருகேயுள்ள கம்போங் சுங்கை லாங்கில் 1964ஆம் ஆண்டில் இரண்டு வெண்கல முரசுகள் கிடைத்தன. டோங்சோன் பண்பாட்டைச் சேர்ந்த அம்முரசுகள் ஒரு மரப்பலகையின்மேல் வைக்கப்பெற்றிருந்தன. அகழ்ந்து ஆராய்ந்த பீகாக் என்பார் அப்பலகையைப் படகின் பகுதி எனக் கருதினார். கரிமக் கணிப்பு அதனைக் கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டு முன்னதாகக் காட்டிற்று. முரசு வெண்கலம்; அது நிலைத்ததில் வியப்பில்லை. பலகை நிலைத்ததே வியப்பு. ஈரமான சதுப்பு மண் காற்றை அடைத்து அதைக் காத்தது. பகாங்கிலுள்ள பொந்தியானில் 1926இல் கிடைத்த படகும் இத்தகையதே. பலகைகளை மர ஆணிகளால் இணைத்துக் கயிற்றால் கட்டிய அக்கலம் கி.பி. மூன்று முதல் ஐந்தாம் நூற்றாண்டுக்குள் அடங்கும் என்பர். சுவீடனில் 1628இல் முதற்பயணத்திலேயே மூழ்கிய வாசா என்னும் போர்க்கலம் 1961இல் வெளியே எடுக்கப்பெற்றபோதுதான் அதற்கு உண்மையான இடர் தொடங்கியது. காற்றுப் பட்டதும் மரம் சுருங்கி வெடிக்குமென்று அஞ்சி, 17 ஆண்டுகள் மெழுகு போன்றதொரு மருந்தைத் தெளித்துக்கொண்டே இருந்தனர்.

கடல் மரத்துக்குப் பகைவன் என்பது பொதுவழக்கு. அது பாதி உண்மை. உவர்நீரில் வாழும் துளைப்புழு மரத்தின் உள்ளே சல்லடையிட்டுவிடும். அதனால்தான் கப்பலின் அடிப்பாகத்தில் சுண்ணமும் எண்ணெயும் பூசினர். ஐரோப்பியர் செப்புத் தகடு அறைந்தனர். ஆனால் பூசணத்துக்கு உப்பு பிடிப்பதில்லை. புதிய இங்கிலாந்துக் கரையில் கப்பல் கட்டியோர் வங்குகளின் இடைவெளியில் உப்பைக் கொட்டி நிரப்பும் வழக்கத்தைக் கொண்டிருந்தனர். கப்பலை உக்கச் செய்தது மேலிருந்து சொட்டிய மழைநீரும், காற்றோட்டமற்ற அடிக்கட்டின் புழுக்கமுமே. மீனவர் வீட்டுக் கிழவிக்கும் தெரிந்த இச்செய்தியை ஆங்கிலேயக் கடற்படை மிகுந்த பொருட்செலவில் கற்றுக்கொண்டது.

நெப்போலியனோடு நிகழ்ந்த போரில் அந்நாட்டுக் கருவாலிக் காடுகள் குறைந்தன. காயாத மரத்தையும் கனடாவிலிருந்து வந்த மரத்தையும் கலந்து அவசரமாகக் கலங்களைக் கட்டினர். 1810இல் வெள்ளோட்டம் விடப்பெற்ற 'குயின் சார்லட்' என்னும் பெருங்கலம் போர்க்களத்தைக் காணுமுன்பே உக்கிப்போய், பெரும்பகுதி பிரித்துக் கட்டப்பெற்றது. அதற்கு 7 ஆண்டுகள் கழித்து, பம்பாயில் பார்சித் தச்சரான ஜம்செட்ஜி போமன்ஜி வாடியா, மலபார்த் தேக்கினால் ஒரு கலம் கட்டி முடித்தார். 1817 அக்டோபர் 12ஆம் நாள் அது நீரில் இறங்கிற்று. அதன் பெயர் 'திருக்கோணமலை'. ஆங்கிலேயர் நாவில் 'டிரிங்கோமலி'. ஈழத்துத் தமிழூரின் பெயரைத் தாங்கிய அக்கலம் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் இன்றும் மிதக்கிறது. ஒன்று பிறக்குமுன் நோயுற்றது. மற்றொன்று 200 ஆண்டைக் கடந்தது. தேக்கின் எண்ணெய்ச்சத்து ஒரு காரணம். காயவைத்த பொறுமை இன்னொரு காரணம்.

தமிழ்க் கரையில் இப்பொறுமை தொழிலின் இயல்பாகவே இருந்தது. கட்டுமரம் கரைக்கு வந்ததும் கட்டு அவிழ்க்கப்படும். மரங்கள் தனித்தனியே மணலில் காயும். மென்மரத்தால் ஆயது அது. நீர் குடித்தால் கனக்கும், கனத்தால் மிதக்காது. ஆகவே காயவைத்தல் மிதப்புக்கும் ஆயுளுக்கும் ஒருங்கே உதவிற்று. சோழமண்டலக் கரையின் தையற்படகோ தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்தது. கயிறு நைந்ததும் தையலைப் பிரித்து மீண்டும் தைப்பர். அப்போது ஒவ்வொரு பலகையின் ஓரத்தையும் தச்சன் கண்ணால் காண்பான், உக்கியதை நீக்குவான். பிரிக்கத்தக்கதாகக் கட்டுவதே பாதுகாப்பு என்னும் இவ்வுண்மையைப் பின்னர் நினைவில் கொள்ள வேண்டியிருக்கும்.

பெருங்கலங்களுக்குக் கலப்பற்று உண்டு. பலகைகளின் இடுக்கில் பஞ்சும் நாரும் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி அடைப்பர். கலப்பற்று என்னும் சொல் போர்த்துக்கேசியத்திலிருந்து வந்தது என்பர். தொழில் அதற்கு முந்தியது. செங்கால் மரமும் குங்கிலியம் தருவதே. 'டாமார் பெனாக்' என்னும் அதன் வெண்பிசினை மலாய்க்காடுகளில் திரட்டினர். மரமும் அதன் மருந்தும் ஓரிடத்தில் பிறந்தது அம்மரத்தின் சிறப்பு.

சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நிலையம் 1950இல் 'கப்பல் சாத்திரம்' என்னும் பழஞ்சுவடியை அச்சிட்டது. கலத்துக்குரிய மரங்களின் இலக்கணமும், மரத்தில் காணும் குறிகளால் விளையும் நன்மை தீமைகளும் அதில் கூறப்பெறுகின்றன. சோதிடம் என்று அதனை ஒதுக்குவோர் உண்டு. முழுதும் ஒதுக்குவது சரியன்று. கணுவைச் சுற்றித்தான் வெடிப்பு விழும். வெடிப்பில்தான் நீர் தங்கும். நீர் தங்கிய இடத்தில்தான் உக்கல் தொடங்கும். தீய குறி என்று சொல்லி ஒரு மரத்தைத் தள்ளிய கணியனும், ஈரம் மிகுந்தது என்று சொல்லித் தள்ளும் இன்றைய ஆய்வாளனும் சில வேளை ஒரே மரத்தைத்தான் தள்ளியிருப்பர்.

ஈழத்தில் வல்வெட்டித்துறை இக்கலையின் கடைசிப் பெருநிலையமாக விளங்கிற்று. வேம்பும் இலுப்பையும் அங்குக் கலத்துக்கு உதவின. 1930ஆம் ஆண்டில் அங்கே கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை, உலகைச் சுற்றி வந்த அமெரிக்க மாலுமி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் விலைக்கு வாங்கினார். வல்வை மாலுமிகள் அதை ஓட்டிச் சென்று 1938ஆம் ஆண்டில் மாசச்சூசெட்சு மாநிலத்துக் குளோஸ்டர் துறையை அடைந்தனர். உலகில் எந்தத் துறையிலும் படகு வாங்க வல்ல ஒருவர் தமிழ்த் தச்சரின் பழைய கலத்தைத் தேர்ந்தது, அதன் மரத்துக்குக் கிடைத்த சான்றிதழ் ஆகும்.

மலேசியாவில் அவ்விடத்தைப் பெற்றது திரங்கானு ஆற்றின் முகத்திலுள்ள பூலாவ் டுயோங். அங்குள்ள மலாய்த் தச்சர் வரைபடமின்றியே செங்கால் பலகைகளை விளிம்போடு விளிம்பு பொருத்துவர். இரும்பாணி இன்றி, மர ஆணிகளைச் செருகுவர். இடையே கெலாம் மரத்தின் பட்டையை வைப்பர். நீர் பட்டதும் பட்டை ஊறி இடுக்கை இறுக்கிவிடும். வங்குகள் பின்னரே பொருத்தப்படும். இரும்பு இல்லாமையின் பயன் பெரிது. துருப்பிடித்த ஆணி தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். மர ஆணிக்கு அக்குற்றமில்லை. ஆனால் செங்கால் மெல்ல வளரும் மரம். நல்ல செங்கால் அரிதாயிற்று, விலை ஏறிற்று, தச்சர் எண்ணிக்கை சுருங்கிற்று.

உறுதியற்ற மரத்தை மருந்தால் உறுதியாக்கலாம் என்னும் எண்ணம் இதற்கிடையில் வளர்ந்தது. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சோண்டி காமேசம் என்னும் ஆந்திர அறிஞர் 1933இல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகிய மூன்றன் உப்புகளைக் கலந்து ஒரு மருந்தைக் கண்டார். செம்பு பூசணத்தைத் தடுக்கும்; ஆர்சனிக் பூச்சியைக் கொல்லும்; குரோமியம் அவ்விரண்டையும் மரத்தோடு பிணைத்து, மழையில் கரைந்து போகாமல் காக்கும். 'அஸ்கு' என்னும் பெயரில் அது உலகெங்கும் பரவிற்று. மின்கம்பம், வேலித்தூண், படகுத்துறைத் தூண் எல்லாம் அதனால் பசுமை பூண்டன. ஆர்சனிக் நஞ்சு என்பதால், 2004 முதல் அமெரிக்காவில் வீட்டுப் பயனுக்கு அது விலக்கப்பட்டது. பால்மரத்தை வாழ்வித்த போரான் உப்பு நஞ்சு குறைந்தது; ஆனால் மழையில் கரைந்து போய்விடும். வீட்டுக்குள் நல்லது, படகுக்குப் போதாது.

இந்நிலையில்தான் கண்ணாடியிழை வந்தது. உருகிய கண்ணாடியை மயிர்போல் இழுத்து நெசவிடும் தொழில் அமெரிக்காவில் 1930களில் வளர்ந்தது. பாலியெஸ்டர் பிசினில் அவ்விழையைத் தோய்த்து, ஒகையோ மாநிலத்து ரே கிரீன் என்பார் 1942இல் ஒரு சிறு பாய்ப்படகு செய்தார். போருக்குப் பின் இத்தொழில் பெருகிற்று. அச்சு ஒன்று செய்துவிட்டால் அதனுள் இழையும் பிசினும் மாற்றி மாற்றி இட்டு ஓட்டுக்குப் பின் ஓடாக எடுக்கலாம். தச்சன் வேண்டியதில்லை. புழு துளைக்காது, பூசணம் தின்னாது, கலப்பற்று வேண்டாம். 1950, 1960களில் செய்தோர் இப்புதுப்பொருளின் வலிமையைச் சரியாக அறியாமல், அச்சத்தால் ஓட்டைத் தடிப்பாகவே செய்தனர். அந்த அச்சம் பிற்காலத்தவர்க்கு வரமாயிற்று. 1973இல் எண்ணெய் விலை ஏறியதும் பிசின் விலையும் ஏறிற்று. கணக்குப் பார்ப்போர் ஓட்டை மெலிவாக்கினர். பழைய கண்ணாடியிழைப் படகைத் தேடி வாங்குவோர் இன்றும் இருப்பதற்கு இதுவே முதற்காரணம்.

தமிழ்க் கரைகளில் இப்பொருள் வந்த வரலாறு வேறு. யாழ்ப்பாணத்துக் குருநகரைச் சேர்ந்த அந்தோனி ராசேந்திரம் 1956இல் நார்வேக்குச் சென்று, மீன்பிடித் தொழில் பயின்று, நார்வே நண்பர்களின் துணையோடு 1967இல் காரைநகரில் 'சீநோர்' என்னும் தொழிலகத்தைத் தொடங்கினார். கண்ணாடியிழைப் படகு அங்கு உருப்பெற்றது. போர் அம்முயற்சியைச் சிதைத்தது. தமிழ்நாட்டில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலை மோதும் கரையில் இறங்கத்தக்க கண்ணாடியிழைப் படகுகளை ஆராய்ந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை ஆயிரக்கணக்கான கட்டுமரங்களை அடித்துச் சென்றபின், உதவியாக வந்தவை பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகளே. அவசரத்தில் செய்த சில, தரத்தில் மிகத் தாழ்ந்தவை. கட்டுமரத்தை அவிழ்த்துக் காயவைத்த கைகளுக்கு அவிழ்க்கவே முடியாத படகு கிடைத்தது.

இங்குத்தான் இப்பொருளின் உயிர்நிலை இருக்கிறது. கண்ணாடியிழைப் படகு முழுதும் கண்ணாடி என்று எண்ணுவது பிழை. ஓடு மெல்லியது, அதற்கு எலும்பு வேண்டும். அடியில் நெடுக்காக ஓடும் சட்டங்கள், தளம், அவுட்போர்டு இயந்திரம் தொங்கும் பின்னணியப் பலகை ஆகியவற்றை மரத்தாலோ ஒட்டுப்பலகையாலோ செய்து, இழையும் பிசினும் போர்த்து மூடிவிடுவர். மேல்தட்டுகள் சிலவற்றில் பால்சா என்னும் மென்மரம் இரண்டு ஓடுகளுக்கிடையே திணிக்கப்பெற்றிருக்கும். மூடிவிட்டதால் நீர் புகாது என்பது செய்தோரின் நம்பிக்கை. ஆனால் படகில் ஆணி அறையாத நாள் இல்லை. ஏணிக்கு ஒரு துளை, விளக்குக்கு ஒரு துளை, இயந்திரத்துக்கு நான்கு துளை, நீர் வடியும் அடைப்புக்கு ஒரு துளை. ஒவ்வொன்றும் மரத்துக்குச் செல்லும் வாயில். துளி துளியாய் உட்புகுந்த நீர் வெளியேற வழியில்லை. காற்று சிறிதுண்டு, ஈரம் நிறைய உண்டு, வெப்பமண்டலத்தில் வெப்பத்துக்குக் குறைவில்லை. நான்கு தேவைகளும் ஓரறையில் கூடிவிட்டன. மரப்படகு உக்கினால் கண்ணுக்குத் தெரியும். கண்ணாடியிழைப் படகு வெளியே பளபளக்க, உள்ளே உக்கும். குயின் சார்லட்டின் புழுக்கமான அடிக்கட்டு மீண்டும், சிறு அளவில், ஒவ்வொரு படகின் பின்னணியத்திலும் கட்டப்பெற்றது.

சுங்கை பூலோ போன்ற உள்ளூர்களில் வாழும் படகுக்காரருக்கு இதில் தனி எச்சரிக்கை உண்டு. கோலாலம்பூர்ப் பகுதியில் ஆண்டுக்கு 2400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. வார இறுதியில் மட்டும் கிள்ளானுக்கோ குவாலா சிலாங்கூருக்கோ இழுத்துச் சென்று, மற்ற நாட்களில் வீட்டோரம் வண்டியின்மேல் நிறுத்திய படகு, கடலில் கிடக்கும் படகைவிடப் பத்திரமானது என்று தோன்றும். உக்கலைப் பொறுத்தமட்டில் அது நேர்மாறு. உவர்நீர் பூசணத்துக்குத் தடை. மழைநீர் அதற்கு அமுதம். வடிகால் அடைப்பைக் கழற்றாமல், அணியம் தாழ்ந்து நிற்க, தார்ப்பாயை இறுகக் கட்டிய படகு, பூசணத்துக்கென்று கட்டிய வீடாகும்.

ஆகவே பழைய கண்ணாடியிழைப் படகை வாங்கச் செல்வோர் ஓட்டின் பளபளப்பைக் கண்டு மயங்கலாகாது. தேர்ந்த ஆய்வாளர் முதலில் கையில் எடுப்பது சிறு சுத்தியல். சட்டத்தின் நெடுகிலும் பின்னணியத்தின் குறுக்கிலும் தட்டிக்கொண்டே செல்வர். நல்ல மரத்தின்மேல் ஒலி கணீரென்று எழும். உக்கிய இடத்தில் தொப்பென்று அமுங்கும். நல்ல பானையை வாங்கும் குடும்பத்துப் பெண்ணின் செவிதான் இதற்கும் வேண்டும். பிறகு இயந்திரத்தின் அடிக்காலைப் பிடித்து மேலும் கீழும் அசைப்பர். பின்னணியப் பலகை கூடவே வளைந்தால் உள்மரம் இற்றுவிட்டது. தாழ்வான இடத்திலுள்ள திருகாணி ஒன்றைக் கழற்றிப் பார்ப்பதும் நல்லது. செந்நீர் வடிந்தாலோ, கரிய தூள் ஒட்டினாலோ, புளித்த நாற்றம் வீசினாலோ ஐயமே இல்லை. ஈரம் அளக்கும் கருவியை மட்டும் நம்புவோர் ஏமாறுவதுண்டு. உப்புப் படிவு அதன் முள்ளைத் தவறாக ஆட்டும். விற்பவன் இசைந்தால், உட்புறத்தில் சிறு துளையிட்டு வரும் சீவலைப் பார்ப்பதே முடிவான சான்று. வெளிர்நிறச் சீவல் உலர்ந்து வந்தால் துளையை அடைத்துவிட்டு விலை பேசலாம்.

ஓட்டின் அடியில் காணும் கொப்புளம் வேறு நோய். பிசினுக்குள் நீர் மெல்ல ஊறி, கரையும் பொருளோடு கூடிப் புளித்த நீராகி, மேற்பூச்சைத் தள்ளுவதால் அது தோன்றுகிறது. காண அருவருப்பானது, ஆனால் படகைக் கொல்வது அரிது. வாங்குவோர் கொப்புளத்தைக் கண்டு விலகி, உக்கிய பின்னணியத்தை விலைக்கு வாங்குவது அடிக்கடி நிகழும் வேடிக்கை. தளத்தின் அடியில் மிதப்புக்காக நுரை நிரப்பிய படகுகளில் நுரையே நீர் குடித்துக் கிடக்கும்; படகின் எடையே அதைக் காட்டிக்கொடுக்கும்.

உக்கியதைத் திருத்துவதும் இயலும். மெலிந்த பிசினை ஊசியால் ஏற்றி உக்கிய மரத்தைக் கல்லாக்கிவிடலாம் என்பாரும் உளர். ஈரம் நிறைந்த மரத்துக்குள் பிசின் போகாது. போன இடத்திலும் வலுப்பெறாது. ஆயுளில் நம்பிக்கை உள்ளவர் உள்ளோட்டை அறுத்துத் திறந்து, உக்கிய மரத்தை நல்ல மரம் தெரியும்வரை சுரண்டி எடுத்து, வாரக்கணக்கில் உலரவிட்டு, புது மரம் பொருத்தி, எப்பாக்சிப் பிசினும் இழையும் இட்டு மூடுவர். ஓட்டை அறுப்பதற்குத் தயங்குவோரே மிகுதி. தையற்படகைப் பிரித்துத் தைத்தவனுக்கு அத்தயக்கம் இருந்திராது. அன்று கயிறு செய்த வேலையை இன்று அறுவாள் செய்கிறது.

புது மரத்துக்கு எது தக்கது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. கெப்போங் சோதனையில் தலைமை பெற்ற செங்கால் இங்கே முதலிடம் பெறுவதில்லை. கன மீட்டருக்கு 900 கிலோகிராமுக்கு மேல் கனக்கும் மரம் அது. அடர்ந்த நாரும் பிசினும் உடையது. ஒட்டுப்பிசின் அதனுள் எளிதில் ஊறாது. கண்ணாடி ஓட்டுக்கும் மரத்துக்கும் பிணைப்பு விட்டுப்போனால் மரத்தின் உறுதியால் பயனில்லை. ஆதலால் கடற்பயனுக்கெனச் செய்த ஒட்டுப்பலகையையே பெரும்பாலோர் இடுகின்றனர். மரத்தையே விலக்கி, கெட்டியான செயற்கை நுரைப்பலகை இடுவோரும் உண்டு. எதை இட்டாலும் துளையிடும் முறை ஒன்றே. வேண்டிய அளவினும் பெரிய துளையிட்டு, அதை எப்பாக்சியால் நிரப்பி, அது இறுகிய பின் நடுவே ஆணிக்குரிய சிறு துளை இடவேண்டும். அப்போது ஆணியைச் சுற்றிப் பிசின் வளையம் அமையும். கசியும் நீர் மரத்தைத் தொடாது. ஒரு துளைக்கு ஒரு நாள் பிடிக்கும் வேலை இது. பூலாவ் டுயோங் தச்சன் ஒரு மர ஆணியைச் சீவி, பொருத்திப் பார்த்து, மீண்டும் சீவிச் செருகும் நேரத்தை எண்ணிப் பார்த்தால், அது மிகுதியன்று.